மழை விட்டு எத்தனை மணி நேரம்?

கேள்வி: நாங்கள் நால்வர் ஞாயிறுதோறும் காலையில் புக்கிட் கியாராவில் மலைச் சைக்கிள் ஓட்டுகிறோம். சனிக்கிழமை மாலை மழை பெய்தால், மறுநாள் ஒரு தடம் காய்ந்து கிடக்கிறது. சற்றுத் தள்ளியிருக்கும் இன்னொன்றில் சக்கரம் புதைகிறது. பெய்தது ஒரே மழைதானே? எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்குச் சொல்வீர்களா?
— வாசகர், செந்தூல்

பதில்: மணிக்கணக்கு உங்களை ஏமாற்றிவிடும். மாலை ஐந்து மணிக்கு மழை விட்டு, காலை எட்டு மணிக்கு நீங்கள் போனால் இடையில் பதினைந்து மணி நேரம் இருப்பது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி இரவு. காற்று அசையாமல், ஈரப்பதம் நிறைந்து நிற்கும் கோலாலம்பூர் இரவில் மண்ணிலிருந்து நீர் ஆவியாவது மிகவும் குறைவு. ஆகவே காலையில் நீங்கள் காணும் காய்ந்த தடம் வெயிலில் காய்ந்ததன்று, நீர் வடிந்து போனதால் இறுகியது. வடிவதைத் தீர்மானிப்பவை மண்ணும் சரிவுமே.

மணல் துகளின் அளவு 0.05 முதல் 2 மி.மீ. வரை, களிமண் துகளோ 0.002 மி.மீ.க்கும் குறைவு. மணலின் பெரிய இடைவெளிகளில் நீர் தன் எடையாலேயே ஏறத்தாழ ஒரு நாளுக்குள் இறங்கிவிடும். களிமண்ணில் அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதன் பிறகும் நுண்துளைகளில் தங்கும் ஈரத்தை வெயிலோ மரவேரோதான் எடுக்க வேண்டும். நம் செம்மண்ணில் களி மிகுதி என்றாலும், சரளைக் கல் கலந்த இடங்கள் விரைவில் இறுகிவிடும். மேலே பொருக்குத் தட்டி உள்ளே ஈரமாக இருக்கும் மண்தான் ஆபத்தானது. ஒரு விரற்கடை ஆழத்திலிருந்து சிறிது மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். 3 மி.மீ. தடிமனில் விளக்குத் திரிபோல் உடையாமல் திரண்டால் வண்டியைத் திருப்பிவிடுங்கள். மண் பொறியாளர்கள் களியின் குழைவை அறியச் செய்யும் சோதனையும் ஏறக்குறைய இதுவே.

சரிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சமதரையில் போகும் தடம் ஓட்டுவதற்குச் சுகமானது, காய்வதற்கோ மிக மோசமானது. அங்கே நீருக்குப் போக்கிடம் இல்லை. மேட்டு முகட்டில் உள்ள தடம் முதலில் இறுகும். பள்ளத்தாக்கின் அடியில் உள்ளதற்கு, மழை விட்ட பிறகும் மலையிலிருந்து கசியும் நீர் வந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் 1988-இல் தொடங்கப்பட்ட இம்பா என்ற மலைச் சைக்கிள் அமைப்பு தடம் வெட்டுவோருக்கு மூன்று அளவுகளைப் பரிந்துரைக்கிறது: தடத்தின் சராசரி ஏற்றம் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், அது மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக்கூடாது, தடத்தின் குறுக்கே வெளிப்புறமாக ஏறத்தாழ 5 விழுக்காடு சாய்வு வேண்டும். அந்தச் சாய்வு இருக்கும்வரை நீர் தடத்தைக் கடந்து போய்விடும். ஆண்டுகள் போகப் போக, சக்கரம் நடுவில் அழுத்த, வெளியோரத்தில் மண் சேர்ந்து வரப்பாகிவிட்டால், தடமே வாய்க்காலாகிவிடும். உங்கள் சக்கரம் புதையும் இடத்தில் வரப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், தடத்தைப் பராமரிப்பவர்களிடம் சொல்லி அதை வெட்டிவிடச் செய்தால் போதும். சேற்றுக்குப் பக்கவாட்டில் ஒதுங்கி ஓட்டுவது மட்டும் வேண்டாம். அது சேற்றை அகலமாக்கும்.

நிழலின் வேலை, வெயில் ஏறிய பிறகே தொடங்குகிறது. அடர்ந்த இலைக்கூரை மழையில் ஒரு பகுதியைத் தடுத்தாலும், மழை விட்ட பின்பும் நெடுநேரம் சொட்டிக்கொண்டிருக்கும், காற்றையும் மறைக்கும். புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது என்பதால், விடியலில் மரத்தைத் தொட்டுப் பார்த்தே வேலை உண்டா இல்லையா என்று அறிந்தவர்கள் நம் தோட்ட மக்கள். அவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால்மரம் இலை உதிர்க்கும்போது அதே தடத்தில் வெயில் நேரே விழும் என்பதையும் அவர்கள் அறிவார்கள்.

கேள்வி: தெற்கு நோக்கிய சரிவுதான் முதலில் காயும் என்று வெளிநாட்டுக் குறிப்பொன்றில் படித்தேன். இங்கும் அப்படியா?
— வாசகர், கெப்போங்

பதில்: இல்லை. அது ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற வடக்கு நாடுகளுக்குரிய விதி. அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கு வானில்தான் நிற்கும். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 3 பாகை வடக்கில்தான் இருக்கிறது. மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேலேயே வருகிறது. ஆண்டு நடுவில் வடக்கிலும், ஆண்டு இறுதியில் தெற்கிலும் சாய்கிறது. இங்கே கவனிக்க வேண்டியவை கிழக்கும் மேற்கும்தான். காலை வானம் பெரும்பாலும் தெளிந்திருக்க, பிற்பகலில் மேகம் திரண்டுவிடுவதால், கிழக்குச் சரிவே வெயிலை மிகுதியாகப் பெறுகிறது. இடிமழை மிகுந்த அக்டோபர், நவம்பர் மாதங்களில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

கேள்வி: பினாங்கு மலைத் தடங்கள் விரைவில் காய்கின்றன. அங்கே மழைக்கு மறுநாளே ஓட்டலாமா?
— வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: பினாங்குத் தீவின் பெரும்பகுதி கருங்கல் பாறை. அது சிதையும்போது ஒரு பகுதி களியாகிறது. படிகக்கல் துகள்கள் மட்டும் பருமணலாக எஞ்சுகின்றன. செங்குத்துச் சரிவில் அந்த மணல் நீரை விரைவாக இறக்கிவிடும், ஆனால் அதே நீரோடு அரித்தும் போய்விடும். மண் இறுகிய பிறகும் நிழலில் கிடக்கும் வேர்களும் பாசி படிந்த பாறைகளும் வழுக்கும். மறுநாள் போகலாம், இறக்கத்தில் வேரைக் குறுக்காகக் கடந்து செல்லுங்கள், அதன்மேல் பிரேக் பிடிக்காதீர்கள்.