கான்சஸ்: பட்டா இல்லாத நிலமும் கள்ள ஓட்டும்

வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போர் உண்மையில் 1854லேயே, நாட்டின் நடுவிலுள்ள கான்சஸில் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். 1860 மக்கள்தொகைக் கணக்கில் கான்சஸில் இருந்த அடிமைகள் இரண்டே பேர். இரண்டு பேருக்காகவா அத்தனை ரத்தம்? 1541லேயே ஐரோப்பியர் வந்துவிட்ட மண்ணில் இடைப்பட்ட 300 ஆண்டுகள் என்னதான் நடந்தது?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

1541இல் ஸ்பானியப் படைத்தலைவர் கொரோனாடோ தங்கம் தேடி வந்தார். கிவிரா என்ற செல்வச் செழிப்பான நாடு என்று கேள்விப்பட்டு வந்த இடத்தில் அவர் கண்டது விச்சிட்டா பழங்குடி மக்களின் புல் வேய்ந்த வீடுகளைத்தான். ஏமாற்றிய வழிகாட்டியைக் கொன்றுவிட்டுத் திரும்பினார். பிறகு பிரெஞ்சு வணிகர்கள் தோலுக்காக வந்துபோனார்கள். 1803இல் பிரான்ஸிடமிருந்து வாங்கிய லூசியானா நிலப்பரப்போடு கான்சஸின் பெரும்பகுதி அமெரிக்காவின் கைக்கு வந்தது.

கொரோனாடோவைவிட 1820இல் வந்த அமெரிக்க ராணுவ அதிகாரி ஸ்டீபன் லாங்தான் இந்த மண்ணின் தலையெழுத்தை மாற்றினார் என்பேன். அவருடைய பயணத்தின் வரைபடம் மேற்குச் சமவெளியைப் 'பெரும் பாலைவனம்' என்றது. வெள்ளையர் உழவுக்கு ஆகாது என்ற எண்ணம் அதனால் வலுப்பட்டது. கிழக்கிலிருந்து விரட்டப்பட்ட டெலவேர், ஷானி, கிக்கபூ பழங்குடி மக்களை இங்கே குடியேற்றி, இனி இது உங்கள் நிலம் என்று ஒப்பந்தம் எழுதித் தந்தார்கள். ஒரு தலைமுறைகூட அது நிற்கவில்லை.

1854 மே 30, கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டம். அடிமைமுறை வேண்டுமா வேண்டாமா என்பதைக் குடியேறியவர்களே முடிவு செய்யலாம் என்றது. அன்றைக்கு அங்கே நில அளவைகூடத் தொடங்கவில்லை. 1841 சட்டப்படி ஒருவர் 160 ஏக்கர் வரை பிடித்து, ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி வாங்கலாம். அளந்து விற்பனைக்கு வரும்வரை பட்டா கிடையாது. நான்கு கட்டைகளைச் சதுரமாகப் போட்டுவிட்டு, இதுதான் என் வீட்டு அடித்தளம் என்று சொல்லிவிட்டு, கிழக்கே ஒட்டியிருந்த அடிமை மாநிலமான மிசௌரிக்கே திரும்பிப் போனவர்கள் ஏராளம்.

ஓட்டிலும் இதே ஓட்டைதான். 21 வயது நிரம்பிய வெள்ளை ஆண், 'உண்மையில் குடியிருப்பவர்' என்றால் ஓட்டுப் போடலாம். எத்தனை நாள் குடியிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 1855 மார்ச் 30 சட்டமன்றத் தேர்தலில் கான்சஸின் லாரன்ஸ் ஊரை மட்டும் பாருங்கள். கணக்கெடுப்பின்படி வாக்காளர்கள் 369 பேர்; விழுந்த ஓட்டு 1,034. மிசௌரியிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் பேர் இரண்டு பீரங்கிகளோடு வந்து முகாமிட்டார்கள். ஆள் அடையாளத்துக்குச் சட்டைப் பொத்தான் துளையில் நாடா. குடியிருப்புக்குச் சத்தியம் கேட்பேன் என்ற தேர்தல் அதிகாரியைத் தூக்கில் போடுவோம் என்று மிரட்ட, அவர் வாக்குச்சாவடிக்கே வரவில்லை. அவருடைய இடத்துக்கு வேறொருவரைப் போட்டார்கள். பின்னர் விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றக் குழு 802 ஓட்டுகள் கள்ள ஓட்டு என்று கண்டது.

இப்படி வந்த சட்டமன்றம், அடிமை வைத்திருக்கும் உரிமையை மறுத்துப் பேசினாலே இரண்டு ஆண்டுக்குக் குறையாத கடுங்காவல் என்று சட்டம் போட்டது. அடிமைமுறையை எதிர்த்த தரப்பு அதை ஏற்க மறுத்துத் தனி அரசே அமைத்தது. ஓர் ஊரில் இரண்டு அரசு, ஒரே நிலத்துக்கு இரண்டு உரிமையாளர். 1855 நவம்பரில் கோல்மன் என்பவர் டவ் என்பவரைச் சுட்டது நிலத் தகராறில்தான். ஆனால் சுட்டவர் அடிமைமுறை ஆதரவாளர், செத்தவர் எதிர்ப்பாளர். சில நாட்களிலேயே லாரன்ஸுக்கு வெளியே அடிமைமுறை ஆதரவாளர்களின் படை ஒன்று திரண்டு நின்றது.

ஆகவே இரண்டு பேர் என்ற கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் மிசௌரியில் 1860இல் 1,14,931 அடிமைகள் இருந்தார்கள். கிழக்கே இல்லினாய், வடக்கே அயோவா, இரண்டும் அடிமைமுறை இல்லாதவை. மேற்கிலும் கதவு திறந்தால் அடிமைகள் தப்பியோடுவார்கள் என்பதே மிசௌரி உடைமையாளர்களின் பயம். கான்சஸில் இரண்டே பேர் மிஞ்சியதற்குக் காரணமும் இதுதான்: சண்டை நடக்கும் இடத்துக்கு யார் தன் 'சொத்தை' ஓட்டிக்கொண்டு வருவார்?

உள்நாட்டுப் போர் வந்த பிறகும் இந்த எல்லைப் பகை தொடர்ந்தது. 1863 ஆகஸ்ட் 21இல், தெற்கின் பக்கம் நின்ற கெரில்லாத் தலைவர் குவான்ட்ரிலின் ஆட்கள் லாரன்ஸில் 150க்கும் மேற்பட்ட ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றார்கள். நான்கே நாளில் வடக்கின் தளபதி யூயிங் 11ஆம் எண் ஆணையை இட்டார். மிசௌரி எல்லையிலுள்ள ஜாக்சன், காஸ், பேட்ஸ் மாவட்டங்களிலும் வெர்னனின் வடபகுதியிலும் இருந்த கிராமத்தார் 15 நாளில் வெளியேற வேண்டும். ராணுவ முகாம்களை ஒட்டிய சில இடங்களுக்கே விலக்கு. வெறும் புகைபோக்கிகள் மட்டும் நின்ற அந்தப் பகுதிக்கு 'எரிந்த மாவட்டம்' என்றே பெயர் நிலைத்தது.

டெலவேர் ஆண்களில் பெரும்பாலோர் இந்தப் போரில் வடக்கின் படையில் சேர்ந்தார்கள். 1866இல் இன்னொரு ஒப்பந்தம் போட்டு, மீதி நிலத்தையும் வாங்கிக்கொண்டு, அவர்களை இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பினார்கள். கான்சஸ் யாருடையது என்று நடந்த எந்தத் தேர்தலிலும் அவர்களைக் கேட்கவே இல்லை.