வாசகர் கேள்வி–பதில்: அதிகம் பேசப்படாத ஊர்களும் தொல்லிடங்களும்

நம் நாட்டில் பெயர் பெற்ற சுற்றுலாத் தலங்களுக்கு அப்பால் உள்ள ஊர்களையும் நினைவுச்சின்னங்களையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை அளிக்கிறோம்.

தாஜ்மகால், ஹம்பி, மாமல்லபுரம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டோம். கூட்டம் மொய்க்காத ஓரிடத்திலிருந்து தொடங்க வேண்டுமானால் எதைச் சொல்வீர்கள்?
(திருச்சி வாசகி)

தயக்கமின்றி உத்திரமேரூரைச் சொல்வேன். காஞ்சிபுரத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூரின் பெயர் மேடைப் பேச்சுகளில் அடிக்கடி அடிபடுகிறது. ஆயினும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரின் முன் நின்று அந்த எழுத்துகளைக் கண்ணால் கண்டவர்கள் சிலரே. முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921இல், அந்த ஊர்ச் சபை எடுத்த இரண்டு முடிவுகள் அங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ளன.

ஊரைக் குடும்பு எனப்படும் 30 பகுதிகளாகப் பிரித்து, தகுதி உடையவர்களின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டு, அவற்றை ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகிய குழுக்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் கல்வெட்டில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு, இரண்டே ஆண்டுகளில் 35 முதல் 70 வரை என்று மாற்றப்பட்டது. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லாமல் அவருடைய நெருங்கிய உறவினர்களும் அடுத்த முறை குடவோலைக்குத் தகுதி இழந்தார்கள். இந்த ஒரு விதிக்காகவே இவ்வூருக்குப் பயணம் போகலாம் என்பேன்.

அதே வேளையில், இது பிராமணர்களின் சபை என்பதையும், நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உடைய ஆண்களுக்கே அதில் இடம் இருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இதை மறைத்துவிட்டு இன்றைய மக்களாட்சியின் முன்மாதிரி என்று மட்டும் பாராட்டினால், கல்வெட்டு சொல்வதைப் பாதியாகத்தான் கேட்டவர்களாவோம். அங்கே போனால் அதே ஊரில் உள்ள சுந்தரவரதப் பெருமாள் கோயிலையும் பாருங்கள். விமானத்தின் மூன்று தளங்களிலும் கருவறை அமைந்த கோயில் அது.

ஒரு காலத்தில் பெரிய நகரமாக இருந்த இடம், பெயர்கூட நினைவில் இல்லாமல் எப்படி மறைகிறது?
(நாகர்கோவில் வாசகர்)

குஜராத்தின் கச்சுப் பகுதியில், உப்புப் பாலையான ரண்ணின் நடுவே தீவு போல் கிடக்கும் காதிர் நிலத்தில் உள்ள தோலாவீரா இதற்கு நல்ல சான்று. சிந்துவெளி நாகரிகத்தின் பெருநகரங்களில் ஒன்றான அது, 1960களின் பிற்பகுதியில் தொல்லியலாளர் ஜகத்பதி ஜோஷியால் அடையாளம் காணப்பட்டது. ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையிலான அகழாய்வு 1990ஐ ஒட்டித் தொடங்கிய பிறகுதான் அதன் பெருமை முழுமையாக வெளிப்பட்டது. மான்சர், மன்ஹர் என்னும் இரண்டு ஓடைகளில் மழைக்காலத்தில் மட்டும் ஓடிய நீரை அணைகட்டித் திருப்பி, நகரைச் சுற்றிலும் கல்லாலான பெரிய நீர்த்தேக்கங்களில் சேமித்து அந்த மக்கள் வாழ்ந்தார்கள். படிகளுடன் பாறையில் வெட்டப்பட்ட அந்தத் தேக்கங்களின் விளிம்பில் நின்றால், தண்ணீரைப் பற்றிய அவர்களின் கவலை எவ்வளவு ஆழமானது என்பது புரியும். வடக்கு வாயிலருகே பத்துப் பெரிய குறியீடுகளைக் கொண்ட பெயர்ப்பலகை ஒன்றும் கிடைத்தது. அதில் எழுதியிருப்பதை இன்றுவரை எவராலும் உறுதியாகப் படிக்க முடியவில்லை.

பருவநிலை வறண்டதும், கடல்வழி வணிகம் தளர்ந்ததும் இந்நகரம் கைவிடப்பட்டதற்கான காரணங்களாக அறிஞர்களால் கூறப்படுகின்றன. ஊர்கள் பெரும்பாலும் போரால் அழிவதைவிட, தண்ணீரும் வணிகப் பாதையும் விலகிப் போவதால்தான் மெல்ல மெல்லக் காலியாகின்றன. யுனெஸ்கோ 2021இல் தோலாவீராவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. குளிர்கால மாதங்களில் போவதே நல்லது. கோடையில் அந்த வெட்டவெளியில் ஒரு மணி நேரம் நிற்பதும் கடினம்.

இடிந்து கிடந்த கோயில்களை அண்மையில் மீண்டும் அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள் என்றால், அவற்றைப் பழமையானவை என்று எப்படிச் சொல்வது?
(கோவை வாசகர்)

மத்தியப் பிரதேசத்தின் மொரேனா மாவட்டத்தில் உள்ள பட்டேஷ்வரை மனத்தில் வைத்துக் கேட்டிருப்பீர்கள் என்று கருதுகிறேன். கூர்ஜரப் பிரதிகாரர் காலத்தைச் சேர்ந்த ஏறக்குறைய 200 சிறு கோயில்கள் சிதறிய மணற்கற்களாகக் காட்டுக்குள் கிடந்த இடம் அது. கொள்ளையர்கள் நடமாடிய சம்பல் பகுதி என்பதால் நெடுங்காலம் எவரும் நெருங்கவில்லை. இந்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்த கே.கே. முகமது 2005இல் தொடங்கிய பணியில், விழுந்து கிடந்த கற்களையே வகை பிரித்து, எது எந்தக் கோயிலின் எந்த உறுப்பு என்று கண்டறிந்து மீண்டும் அடுக்கினார்கள்.

கற்கள் பழையவை, அவை செதுக்கப்பட்ட விதமும் பழையது. ஒன்றோடொன்று பொருந்தும் இடமும் அவற்றின் வடிவத்திலேயே பொதிந்திருந்தது. ஆகவே அவற்றைப் பழமையானவை என்று சொல்வதில் தவறில்லை. சிதைந்த சிற்பத்தைச் சிமெண்டால் பூசி முழுமையாக்குவது வேறு, விழுந்த கல்லை அதன் இடத்திலேயே திரும்ப நிறுத்துவது வேறு. இன்னும் அடுக்கப்படாத கற்குவியல்களும் அங்கே உள்ளன. அவற்றையும் நின்று பார்த்தால்தான், நிமிர்ந்து நிற்கும் கோயில்களுக்குப் பின்னால் உள்ள உழைப்பு விளங்கும்.

வடகிழக்கு மாநிலங்களில் சிறிய கிராமங்களுக்குச் செல்ல விரும்புகிறோம். எங்கே போகலாம்? அனுமதி தேவையா?
(சென்னை வாசகி)

நாகாலாந்தின் கொனோமாவைப் பரிந்துரைக்கிறேன். அங்காமி நாகர்களின் இவ்வூர் 1879–80இல் ஆங்கிலப் படையை எதிர்த்துக் கடுமையாகப் போரிட்டது. வேட்டையே வாழ்க்கையின் பகுதியாக இருந்த அந்த மக்கள், அருகிவரும் டிராகோபான் என்னும் காட்டுக்கோழி இனப் பறவையைக் காப்பதற்காக, 1998இல் தங்கள் காட்டைத் தாங்களே சரணாலயமாக்கி வேட்டையை நிறுத்தினார்கள். நாகாலாந்துக்குள் நுழைய 'இன்னர் லைன் பெர்மிட்' எனப்படும் அனுமதிச் சீட்டு வேண்டும். புறப்படுவதற்கு முன்பே இணையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

மேகாலயத்துக்கு அந்தச் சீட்டு தேவையில்லை. அங்குள்ள நோங்கிரியாட் கிராமத்தில், ஆல் இனத்தைச் சேர்ந்த ரப்பர் மரத்தின் வேர்களை ஓடையின் குறுக்கே வளரவிட்டுக் காஸி (Khasi) பழங்குடி மக்கள் உருவாக்கிய இரண்டடுக்குப் பாலம் இருக்கிறது. இத்தகைய பாலம் மனிதர் நடக்கும் அளவுக்கு வலுப்பெறப் பல ஆண்டுகள் ஆகும். ஆயிரக்கணக்கான படிகள் இறங்கி ஏற வேண்டியிருப்பதால், முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போக வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகளுடன் ஒரே நாளில் பார்த்துத் திரும்பும்படி தமிழ்நாட்டில் ஏதேனும் உண்டா?
(தஞ்சாவூர் வாசகர்)

புதுக்கோட்டையைச் சுற்றியே ஒரு நாள் போதாது. சித்தன்னவாசலில் காலையில் தொடங்குங்கள். ஏழடிப்பட்டம் என்னும் குகையில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளும், அவற்றோடு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் ஓவியமாக இருக்கிறது. அங்கிருந்து நார்த்தாமலைக்குப் போய், வட்டக் கருவறை கொண்ட விஜயாலய சோழீச்சரத்தைக் காட்டுங்கள். நேரம் இருந்தால் கொடும்பாளூர் மூவர் கோயில். பூதி விக்கிரமகேசரி என்னும் இருக்குவேள் மன்னன் தன் பெயராலும் தன் தேவியர் இருவர் பெயராலும் எடுப்பித்த மூன்று கோயில்களில், இன்று நிமிர்ந்து நிற்பவை இரண்டு. மூன்றாவதன் அடித்தளத்தைப் பிள்ளைகளையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உணவும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

எங்கள் ஊர் ஏரிக்கரையில் எழுத்துள்ள நடுகல் ஒன்று கவனிப்பாரின்றிக் கிடக்கிறது. சாதாரண மக்களாகிய நாங்கள் என்ன செய்ய முடியும்?
(தருமபுரி வாசகர்)

இந்தக் கேள்வி என்னை மிகவும் நெகிழச் செய்தது. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள 3,600க்கும் மேற்பட்ட நினைவுச்சின்னங்களில் 50 காணாமல் போனதாகக் கலாசார அமைச்சகமே நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் தெரிவித்தது. அவற்றுள் 14 நகர வளர்ச்சியில் மறைந்தன, 12 அணைகளின் நீரில் மூழ்கின, 24 இருக்கும் இடமே தெரியவில்லை. 2024இல் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்க முடிவு செய்யப்பட்ட 18இல், அரியானாவின் முஜேசரில் முகலாயர் கால வழிப்போக்கர்களுக்குத் தொலைவு காட்டிய கோஸ் மினார் ஒன்றும் அடங்கும். பட்டியலில் இருந்தவற்றின் நிலையே இது என்றால், எந்தப் பட்டியலிலும் ஏறாத உங்கள் நடுகல்லுக்கு ஊர் மக்களைத் தவிர வேறு காவல் கிடையாது.

முதலில், கல்லை இடம் மாற்றாதீர்கள். அது நிற்கும் இடமும் வரலாற்றுச் சான்றுதான். எழுத்து தெளிவாகத் தெரிவதற்காகச் சுண்ணாம்போ பெயிண்டோ பூசுவதும், கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் கூடாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில், பக்கவாட்டு ஒளியில் படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். அந்தப் படங்களுடன் ஊர், வட்டம், கல்லின் உயரம், அருகிலுள்ள அடையாளங்கள் ஆகியவற்றைக் குறித்து, மாநிலத் தொல்லியல் துறைக்கும் வட்டாட்சியருக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். கடிதத்தின் நகல் ஒன்று ஊராட்சி அலுவலகத்திலும் இருக்கட்டும். நிலத்தைத் தோண்டும்போது பழம்பொருள் கிடைத்து அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால், மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்திலேயே உள்ள விதி.

ஊர்ப் பெரியவர்களிடம் அந்தக் கல்லைப் பற்றி வழங்கும் கதையையும் கேட்டு எழுதி அதே கடிதத்துடன் இணையுங்கள். அந்தக் கல் நினைவுகூரும் வீரனுக்கு இன்றும் ஆண்டுதோறும் பொங்கல் வைக்கும் குடும்பம் எதுவும் இருந்தால், அவர்களைக் கலந்து பேசாமல் எதையும் செய்ய வேண்டாம்.