மூன்றாம் தொகுதியில் எந்தப் பாடம்? – ஒரு தாயின் கடிதம்

அண்ணாவுக்கு வணக்கம்.

இது இலக்கியக் கேள்வி இல்லை, குறை நினைக்காதீர்கள். மகள் தரம் 9 படிக்கிறாள். தரம் 10க்குத் தொகுதிப் பாடங்களைத் தெரிவுசெய்து படிவம் கொடுக்க வேண்டும். மூன்றாம் தொகுதியில் ஐ.சி.ரி. (தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்) எடு என்று நானும் இவரும் சொல்கிறோம். அவள் ‘வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும்’ என்ற பாடத்தைத்தான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கணிதத்தில் நல்ல புள்ளி எடுக்கிற பிள்ளை. பாடசாலையில் கேட்டால், “கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஏன் இது? படிப்பு ஓடாத பெடியளுக்கு வைத்திருக்கிற பாடம்” என்கிறார்கள். மாமி, “பிள்ளையை மேசன் வேலைக்கோ விடப்போறாய்?” என்று கேட்கிறா. இதை எடுத்தால் பிறகு பொறியியல் படிக்க வழி இல்லாமல் போகுமா? எழுத வருவதற்கு முன் நீங்கள் கட்டடப் படம் வரைகிற வேலை பார்த்தவர் என்று எங்கேயோ எழுதியிருந்தீர்கள், அதுதான் உங்களிடம் கேட்கத் துணிந்தேன்.

ஒரு தாய், வவுனியா

—

தங்கச்சிக்கு,

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதை ஆறுதலாகப் பேசலாம். பொறியியல் படிக்கிற வழி ஒன்றும் இதனால் அடைபடாது. சாதாரண தரத்தில் ஒன்பது பாடம். அதில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்ற ஆறும் எல்லாருக்கும் பொது, மிச்சம் மூன்றும் தொகுதிக்கு ஒன்றாக எடுப்பவை. மூன்றாம் தொகுதியில் மகள் நிர்மாணம் எடுத்தாலும் சரி, மனைப்பொருளியல் எடுத்தாலும் சரி, உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் படித்துப் பொறியியல் பீடத்துக்குப் போகிற பாதை அப்படியே இருக்கும். அந்தப் பாதையில் காலை வைக்க அவளுக்குத் தேவை கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல பெறுபேறு.

உண்மையாகவே பாதை பிரிகிற இடம் உயர்தரம். நீங்கள் மட்டுமில்லை, கனபேர் குழம்புவது இங்கேதான். 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பத் துறை என்று ஒரு புதுத் துறையைத் தொடங்கினார்கள், அதில் முதன்முதலாகச் சேர்ந்த பிள்ளைகள் 2015இல் பரீட்சை எழுதினார்கள். பொறியியல் தொழினுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பவியல், அதோடு தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம், மூன்றாவதாக ஐ.சி.ரி. போல இன்னொரு பாடம். அதைப் படித்துத் தொழினுட்பப் பட்டங்களுக்குப் போகலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது, 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்ட உங்கள் ஊர் வளாகத்திலும் தொழினுட்பக் கற்கைகளுக்கு ஒரு பீடம் உண்டு. நல்ல வழிதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் மொரட்டுவையிலோ பேராதனையிலோ பொறியியல் பீடத்துக்குள் அந்தத் துறையால் போக முடியாது, அதற்குக் கணிதத் துறைதான் வேண்டும். பாடத்தின் பெயரில் ‘பொறியியல்’ என்று இருப்பதை நம்பி அதில் சேர்ந்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். நீங்கள் பயப்பட வேண்டிய தெரிவு அது. இப்போது அதற்கு இன்னும் காலம் கிடக்கிறது.

சரி, பாடத்துக்கு வருவோம்.

“படிப்பு ஓடாத பெடியளுக்கு” என்ற கதையை நானும் கேட்டிருக்கிறேன். இந்தப் பாடத்தை அப்படி ஆக்கியது பாடசாலைகள்தான். தரம் 9 புள்ளிகளை வரிசையாக வைத்து, மேலே நிற்பவர்களுக்கு ஐ.சி.ரி., அதில் இடம் கிடைக்காதவர்களுக்கு வேறொன்று, கடைசியில் மிஞ்சுகிறவர்களுக்கு நிர்மாணம் என்று பிரித்துவிட்டால், பிறகு அந்த வகுப்பின் பெறுபேறு எப்படி வரும்? அந்தப் பெறுபேற்றைக் காட்டி, பாருங்கள், இது கெட்டிக்காரருக்கான பாடமில்லை என்று சொல்வது வேடிக்கையாக இருக்கிறது.

புத்தகத்தை வாங்கி நீங்களே ஒருக்கால் புரட்டிப் பாருங்கள். அதில் பெரும் பங்கு வரைதல். ஒரு பொருளை முன்னாலிருந்து, மேலிருந்து, பக்கத்திலிருந்து பார்த்து மூன்று தோற்றங்களாக வரைகிற நிமிர்வரைபு எறியம், அதே பொருளை மூன்று பக்கமும் ஒன்றாகத் தெரிய வரைகிற சமவளவு எறியம். நிமிர்வரைபில் ஒரு முறையான முதற்கோண எறியத்தில் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும், அது ஏன் என்று பிள்ளைக்கு ஓடி வெளிக்கிற நாள் ஒன்று இருக்கிறது, அதற்குப் பிறகு அவளுக்குக் காகிதத்தில் இருக்கிற கோடு கோடாகத் தெரியாது, கட்டடமாகத் தெரியும். நான் வேலை செய்த கந்தோருக்குப் பட்டத்தோடு வந்த சிலர், கேத்திர கணிதம் எல்லாம் கரைத்துக் குடித்தவர்கள், ஒரு படிக்கட்டின் வெட்டுமுகத்தை வைத்துக்கொண்டு எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்று தெரியாமல் முழித்ததைப் பார்த்திருக்கிறேன். பதினைந்து வயதில் கைக்கு வந்தால் சுகமாக வருகிற விஷயம் இது. பிந்தினால் கஷ்டம்.

பிறகு, அத்திவாரத்துக்கு நூல் பிடிப்பது. மேசன்மார் ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி அளந்து குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார்கள், வந்தால் மூலை சரி. பைதகரஸ் தேற்றத்தைக் கணித வகுப்பில் பத்துத் தரம் நிறுவிய பிள்ளைக்கு அதை வளவில் நாலு கட்டையும் ஒரு கயிறும் வைத்துச் செய்துபார்க்க இடம் தருகிற பாடம் இது ஒன்றுதான்.

கொங்கிரீட்டுக்கு 1:2:4 என்று எல்லாரும் சொல்வார்கள், ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நாலு பங்கு சல்லி. ஏன் அப்படி? சல்லிகளுக்கு இடையில் இருக்கிற வெளியை மணல் நிரப்புகிறது, மணல் விட்ட வெளியைச் சீமெந்துக் குழம்பு நிரப்பி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது. தண்ணீரைக் கூட ஊற்றினால் குழைக்கவும் கொட்டவும் லேசு, வேலையாட்களுக்குச் சந்தோசம், ஆனால் அந்த மேலதிகத் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும், கொங்கிரீட்டின் பலம் போய்விடும். சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு இரசாயனத் தாக்கம் நடந்துதான் இறுகுகிறது. அதனால்தான் போட்ட கொங்கிரீட் தட்டைச் சாக்குப் போட்டு நாள்கணக்கில் நனைத்து வைக்கிறோம். அதன் பலத்தை 28 நாள் கழித்துச் சோதிப்பதும் அதனால்தான். அத்திவாரத்துக்கு மேலே ஈரத்தடை ஏன் போடுகிறோம், செங்கல்லை வைக்கும்போது நிலைக்குத்து மூட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று வராமல் ஏன் மாற்றி மாற்றி வைக்கிறோம், எல்லாம் இந்தப் பாடத்துக்குள் வருகிற விஷயங்கள். இது மூளை வேலை இல்லையென்றால் எது?

மாமியாரின் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. யுத்தம் முடிந்த பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்ததே, 50,000 வீடு என்று, வன்னியில் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெரும்பாலான வீடுகளைப் பயனாளிகளே நின்று கட்டுவிக்கிற முறை. 550,000 ரூபாய் தவணை தவணையாக வங்கிக் கணக்குக்கு வரும், மேசனைப் பிடிப்பது, மணல் பறிப்பிப்பது, சீமெந்து எத்தனை பை என்று கணக்குப் பார்ப்பது எல்லாம் வீட்டுக்காரர் பாடு. அந்த வீட்டுக்காரர்களில் எத்தனையோ பேர் கணவனை இழந்த பெண்கள். முப்பது பை முடிந்துவிட்டது என்று மேசன் சொன்னால், சரியா பிழையா என்று சொல்லத் தெரியாமல் தலையாட்டியவர்கள் அதில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மாமியிடம் கேளுங்கள், உங்கள் வீடு கட்டும்போது கணக்குப் பார்த்தது யார் என்று. (கோபிக்கப் போகிறா, மெதுவாகக் கேளுங்கள்.)

மேசன் வேலை கேவலமான வேலை இல்லை என்பதை நான் தனியாகச் சொல்லவேண்டியதில்லை என்று நினைக்கிறேன். இன்றைக்கு ஒரு நல்ல மேசனைப் பிடித்துப்பாருங்கள், நாள் சம்பளம் என்னவென்று தெரியும்.

பெண் பிள்ளை என்ற கதை இன்னும் பழையது. கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் இணை உறுப்பினரானார், ஆசியாவிலிருந்து அப்படி ஆன முதல் பெண் அவர்தான். இலங்கையின் முதல் பெண் பொறியியலாளர் என்று சொல்லப்படுபவர் ஒரு தமிழ்ப் பெண், பிரேமளா சிவசேகரம், 1960களில் பொறியியல் படித்துவிட்டு வந்து அரச சேவையில் கட்டமைப்புப் பொறியியலாளராக இருந்தவர். அந்தக் காலத்திலேயே நடந்துவிட்டது. நாங்கள் இன்னும் மூலைமட்டத்தைப் பெண் பிள்ளை தொடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஐ.சி.ரி. கெட்ட பாடமில்லை. நன்றாகப் படிப்பிக்கிற ஆசிரியரும் ஆளுக்கொரு கணினியும் இருந்தால் பிரமாதமான பாடம். ஆனால் அதைத் தவறவிட்டால் பிள்ளை கணினி தெரியாமல் நின்றுவிடுவாள் என்று பயப்பட வேண்டாம், தரம் 12இல் எந்தத் துறை எடுத்தாலும் ஜி.ஐ.ரி. (பொதுத் தகவல் தொழினுட்பம்) என்று பொதுவாக ஒரு பாடம் வருகிறது, அதைவிட வீட்டில் ஒரு கணினி இருந்தால் தானாகவே கற்றுக்கொள்கிற வயது இது. செங்கல் கட்டுகளையும் எறியங்களையும் தானாகக் கற்றுக்கொள்வது அவ்வளவு லேசில்லை. இரண்டும் ஒரே தொகுதியில் இருப்பதால் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்பது எனக்கு எப்போதும் எரிச்சலைத் தருகிற விஷயம், ஆனால் உங்களுக்கு அதைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் இல்லை, நான் முதலில் பார்க்கச் சொல்வது அதைத்தான்: அந்தப் பாடசாலையில் இந்தப் பாடத்தை யார் படிப்பிக்கிறார்? இதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியரா, அல்லது நேரசூசியில் இடம் நிரப்ப யாரோ ஒருவரா? செயன்முறை அறை திறந்து கிடக்கிறதா, இல்லை வாளும் உளியும் அலுமாரிக்குள் ரசீதோடு பத்திரமாக இருக்கின்றனவா? போன வருடப் பிள்ளைகளின் வரைதல் கொப்பி ஒன்றை வாங்கிப் பாருங்கள். கோடுகள் அளவோடு, கூராக, திருத்தப்பட்டு இருந்தால் மகளின் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். கொப்பியில் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிய குறிப்புகள் மட்டும் இருந்தால், கொங்கிரீட்டைக் கையால் தொடாமலே அதன் வரைவிலக்கணத்தைப் பாடமாக்குகிற வகுப்பு அது, அதற்கு ஐ.சி.ரி. மேல் என்று நானே சொல்வேன். அப்படியென்றால் ஒரு வரைதல் பலகை, ரி-மட்டம், இரண்டு மூலைமட்டம் வாங்கிக் கொடுங்கள், வரைதல் பகுதியையாவது வீட்டில் செய்யலாம், பாடப்புத்தகத்தைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலேயே இறக்கலாம். கட்டடக்கலை பற்றி அவளுக்கு யோசனை இருந்தாலும் இது வீண்போகாது, மொரட்டுவையில் அந்தப் பட்டத்துக்கு உயர்தரப் பெறுபேற்றோடு தனியாக ஓர் உளச்சார்புப் பரீட்சையும் வைக்கிறார்கள்.

இன்னொன்று. மகளிடம் ஏன் இந்தப் பாடம் என்று நிதானமாகக் கேட்டீர்களா? கூட்டாளி எடுக்கிறாள் என்பதற்காக என்றால் அது வேறு கதை. வீட்டு வளவுக்குள் ஏதாவது செய்துகொண்டே இருக்கிற பிள்ளை என்றால் உங்களுக்கே விடை தெரிந்திருக்கும்.

படிவத்தில் கையெழுத்து வைக்க முதல் ஒருநாள் மகளையும் கூட்டிக்கொண்டு போய் அந்த அறையைப் பாருங்கள். எந்தப் பாடத்தை எடுத்தாலும் கணிதத்தை மட்டும் விடவேண்டாம் என்று சொல்லுங்கள். என்ன முடிவெடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.