பவர் ஒன்று, குணம் வேறு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பிஎம்டபிள்யூவின் பழைய எம்3 கூபே (தலைமுறைக் குறியீடு ஈ46), 2017-ல் வந்த 5 சீரிஸ் செடானின் (குறியீடு ஜி30) 540ஐ மாடல், இரண்டுக்கும் பவர் ஏறக்குறைய ஒன்றுதானே? ஓட்டுவதற்கும் ஒன்றுபோலத்தான் இருக்குமா?

இருக்காது. எம்3-யின் 3.2 லிட்டர் எஞ்சின் 343 குதிரைத்திறன், செடானின் 3 லிட்டர் டர்போ 340. பூஜ்யத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட எம்3-க்கு 5.2 விநாடி, செடானின் பின்சக்கர இழுவை வகைக்கு 5.1. ஆனால் எம்3 முழு பவரைக் கொடுப்பது 7,900 ஆர்பிஎம்-மில். அதன் 365 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) முழுதாகக் கிடைக்கவே 4,900-ஐத் தொட வேண்டும். செடானிலோ 1,380-லிருந்தே 450 நியூட்டன் மீட்டர். 5,200 வரை அது குறைவதில்லை.

இரண்டாயிரம் ஆர்பிஎம்-மில் போய்க்கொண்டிருக்கும்போது முன்னால் ஒரு லாரி. செடானில் காலை அழுத்தினால் போதும், கியர்பாக்ஸ் தானே பார்த்துக்கொள்ளும். எம்3-யில் நீங்களே இரண்டு கியர் இறக்க வேண்டும். இறக்கிவிட்டால், ரெவ் ஏற ஏற வேகம் கூடும் அந்த ஓட்டத்தை எந்த டர்போவும் தராது. எம்3-யின் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் முன் டயரின் பிடி கையிலேயே தெரியும். செடானின் எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் துல்லியமானது, ஆனால் அந்தப் பேச்சு அதில் இல்லை.

கேள்வி: பழைய எம்3 வாங்கப் போகிறேன். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பின்பக்கத் தரையை. எஞ்சின் அப்புறம்.

பின் ஆக்ஸிலைத் தாங்கும் சப்ஃப்ரேம், மெல்லிய தரைத் தகட்டில் நான்கு இடங்களில் மாட்டப்பட்டிருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் அது முன்னும் பின்னும் இழுக்கப்படுவதால், நாளடைவில் மாட்டுமிடத்தைச் சுற்றித் தகடு விரிசல் விடும். வண்டியை லிஃப்டில் ஏற்றி, நான்கு இடங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பக்க இரண்டில் கூடுதல் கவனம் தேவை. விரிசல் தலைமுடி அளவுக்குத்தான் இருக்கும். அந்த இடத்தில் மட்டும் புதிதாக அண்டர்கோட்டிங் (அடிப்பகுதிப் பூச்சு) அடித்திருந்தால், அதைச் சுரண்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். விரிசலை மட்டும் வெல்டிங் வைத்தால் பக்கத்திலேயே மறுபடி விடும். சப்ஃப்ரேமை இறக்கி, வலுவூட்டும் தகடுகளையும் சேர்த்து வெல்டிங் செய்வதே சரியான பழுது.

அடுத்தது, பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங். ஆயிலை லேபில் கொடுத்துச் சோதியுங்கள். செம்பும் ஈயமும் கூடியிருந்தால் தேய்மானம் தொடங்கிவிட்டது. பேரிங்கை மாற்றும்போது போல்ட்டுகளும் புதிதாகவே இருக்க வேண்டும். பழையவை ஏற்கெனவே இழுபட்டு நீண்டவை. மூன்றாவது, வால்வு டைமிங்கை மாற்றும் வேனோஸ். எக்ஸாஸ்ட் பக்க ஹப்பின் காதுகள் உடைந்தால் துண்டுகள் எஞ்சினுக்குள் விழும். வால்வு கிளியரன்ஸை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியை, குளிர்ந்த எஞ்சினில் அளக்க வேண்டும்: இன்டேக் 0.18 முதல் 0.23 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.28 முதல் 0.33. இந்த வேலைக்கான பில்லே இல்லாத வண்டியை விட்டுவிடுவது நல்லது.

வாங்கிய பிறகு, ஆயில் சூடேறும்வரை பொறுமை வேண்டும். ஆர்பிஎம் மீட்டரின் ஆரஞ்சு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்த பிறகே ரெவ்வை ஏற்றுங்கள். இந்த எஞ்சினுக்கான 10டபிள்யூ-60 கெட்டியான ஆயில். குளிரில் பேரிங்கை எட்ட நேரம் பிடிக்கும்.

கேள்வி: செடானில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லைதானே?

இவை இல்லை, வேறு உண்டு. கியர்பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுவதும் வரும் என்பதை நம்பாதீர்கள். 80,000 கி.மீ. தாண்டியதும், ஆயில் பேனோடு சேர்ந்தே வரும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள். புது பேட்டரி போட்டால் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் பழைய பேட்டரி என நினைத்தே சார்ஜ் செய்யும். முன் கண்ணாடி மாற்றினால் கேமராவைக் கேலிபிரேட் செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள். வண்டியைத் தடத்துக்குள் வைத்திருக்கும் லேன் உதவி தவறான இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பக்கூடும்.

கேள்வி: ஒரே ஒரு கார்தான் என்றால்?

தினமும் நெரிசலில் போகிறவர், பின் சீட்டில் பெரியவர்களை ஏற்றுகிறவர் என்றால் செடான். எம்3-யை வாங்குகிறவர், மேலே சொன்ன தரை வேலைக்கும் பேரிங்குக்கும் ஆகும் தொகையை வாங்கும் விலையோடு கூட்டிக்கொண்டே பேரம் பேச வேண்டும்.