பனியில் கஞ்சிரா ஊமையாவது ஏன்?

கேள்வி: மார்கழி பஜனைக்கு ஆட்டுத்தோல் கஞ்சிரா (வட்ட மரச்சட்டத்தில் தோல் ஒட்டி, சலங்கைத் தகடு வைத்த சிறு கைப்பறை) வாங்கினேன். கோவைக் கடையில் கணீரென்று பேசியது. இங்கே விடியற்காலையில் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் கேட்கிறது. அடுப்பில் காட்டலாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: அடுப்பு வேண்டவே வேண்டாம். தணலில் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று இறுகி, விளிம்பில் ஒட்டு விட்டுப்போகும். இல்லையேல் தோலே கிழியும். கோளாறு வாத்தியத்தில் இல்லை, காற்றில் இருக்கிறது. சமவெளியில் சுருதியை இறக்கத் தோலின் உள்பக்கம் தண்ணீர் தடவுவார்கள். உங்கள் ஊரில் அந்த வேலையை மூடுபனியே செய்துவிடுகிறது.

இரவில் துணி சுற்றி உலர்ந்த அறையில் வையுங்கள். கிளம்பும் முன் உள்ளங்கையால் தோலை வட்டமாக 2 நிமிடம் தேயுங்கள், சூடு ஏறும். சால்வைக்குள் வைத்தே எடுத்துப்போங்கள். ஹேர் டிரையர் என்றால் ஓரடி தள்ளி, அசைத்துக்கொண்டே காட்டுங்கள். நடுப்பகல் வெயிலில் தோல் அளவுக்கு மீறி விறைத்தால் மட்டும் உள்பக்கம் 3, 4 சொட்டு நீர் பரப்பிச் சில நிமிடம் பொறுங்கள். வெளிப்பக்கம் நனைத்தால் விரல் ஒட்டும்.

வருடா வருடம் பனியில்தான் வாசிப்பு என்றால் செயற்கைத் தோல் போட்டதே நல்லது. குழைவு கொஞ்சம் குறையும். விடியற்காலை பஜனையில் அதை யார் அளக்கப் போகிறார்கள்?

கேள்வி: பழைய கஞ்சிரா ஒன்று விலைக்கு வருகிறது. உடும்புத்தோலாம். வாங்கலாமா? எதைப் பார்ப்பது, எப்படிப் பிடிப்பது?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: நாதத்துக்குப் பேர்போன தோல்தான். ஆனால் உடும்பு 1972 வனவுயிர்ச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிர். ஆகவே வேண்டாம்.

வேறு எது வாங்கினாலும் பலாக்கட்டைச் சட்டமா என்று பாருங்கள். விட்டம் 7 முதல் 9 அங்குலம் இருக்கும். சலங்கைத் தகடுகள் ஆடும் பிளவின் இரு முனையிலும் நகத்தால் தடவுங்கள். மரம் அங்கேதான் முதலில் விரியும். சமமான மேசையில் கவிழ்த்து வையுங்கள், ஆடினால் சட்டம் கோணியிருக்கிறது. விளிம்பையொட்டிச் சுற்றிலும் தட்டினால் ஒரே சுருதி வர வேண்டும்.

இடக்கையால் கீழ்விளிம்பைப் பிடியுங்கள், பிளவை மறைக்காமல். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும், சலங்கையும் செத்துப்போகும். வலக்கை விரல்களைச் சேர்த்து அடித்து உடனே எடுங்கள். தோலில் தங்கினால் ஒலி அமுங்கும். அடித்த கையோடு இடக்கை விரல்நுனியால் விளிம்போரம் அழுத்தினால் சுருதி வளைந்தேறும். அதைப் பிறகு பழகுங்கள். முதல் மாதம் 'தகதிமி' என்ற நாலெழுத்துச் சொற்கட்டு ஒன்றே போதும், எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில், மெதுவாக.