பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல்: இரண்டு வலிக்கும் ஒரே ஊசியா?
ஆம், முதலில் தரும் மருந்து பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டிலும் வலி வருவது அடைப்பால்.

தோட்டத்தில் பீலிக்குத் தண்ணீர் வரும் ரப்பர் குழாயை நினைத்துப் பாருங்கள். ஓடையிலிருந்து வந்த சின்னக் கல் ஒன்று நடுவில் சிக்கினால், அதற்கு மேல்பக்கம் குழாய் விம்மிவிடும். பித்தப்பையின் வாயிலும் சிறுநீர்க் குழாயிலும் இதேதான் நடக்கிறது. அப்போது அங்கே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் வலியை இன்னும் கூட்டும்.

டைக்ளோபெனாக் போன்ற மருந்துகள் அந்தப் பொருள் உருவாவதையே தடுக்கின்றன. அதனால்தான் அதற்கு முதலிடம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ, டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். இந்த மருந்து ஆகாமல் போகலாம். வலி அடங்காவிட்டால் மோர்பின் வகை ஊசி.

வேறுபாடு அப்புறம்தான் வருகிறது. சிறுநீர்க் குழாயின் அடிப்பகுதியில் 5 முதல் 10 மில்லிமீற்றர் கல் இருந்தால், குழாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் சிலருக்கு உதவும். பித்தப்பைக் கல்லுக்கு அப்படியொரு வெளியேற்றும் மாத்திரை இல்லை. வலி திரும்பத் திரும்ப வந்தால் பித்தப்பையை எடுப்பதே வழக்கம்.

வலியோடு காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ கண்டால், மழை, இருட்டு என்று விடியும்வரை லயத்தில் காத்திருக்காதீர்கள்.

ஊசி போட்டதும் கல் கரைந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அடங்கியது வலி மட்டும்தான், ஊசி கல்லைக் கரைப்பதில்லை.