ரெக்கமண்டேஷன் கேட்கக் கூச்சமா, தம்பி?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். ஆறு வருடம் அக்கவுண்ட்ஸ் வேலை பார்த்தீர்கள். வெளிநாடு வந்து நான்கு மாதம் ஆகிறது. வேலைத் தொடர்புகளுக்கான இணையதளமான லிங்க்ட்இன் ப்ரொஃபைலில் எல்லாம் போட்டாயிற்று, கூட வேலை பார்த்தவர்கள் நம்மைப் பற்றி நான்கு வரி பரிந்துரை எழுதும் ரெக்கமண்டேஷன் பகுதி மட்டும் காலி. பழைய மேனேஜரிடம் கேட்கக் கூச்சம். கூட வந்த நண்பர்களோ "நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதுகிறேன்" என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா, அதை உண்மையிலேயே யாராவது படிக்கிறார்களா என்பது உங்கள் கேள்வி.

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். கம்பெனிக்கு ஆள் தேடித் தருவதற்காக நூறு ப்ரொஃபைலைத் தள்ளிக்கொண்டு போகும் ரெக்ரூட்டர் அதைப் படிப்பதில்லை. அவருக்கு உங்கள் தலைப்பு வரியும் கடைசி வேலையும் போதும். ஆனால் நூறு பேர் மூன்று பேராகக் குறைந்த பிறகு, யாரைக் கூப்பிடலாம் என்று மேனேஜர் தயங்கும் நேரம் ஒன்று வரும். அப்போது கீழே வரை இறங்கிப் போய்ப் படிப்பார். இப்போது என் டீமுக்கு ஆள் எடுக்கும்போது நானும் அதைத்தான் செய்கிறேன்.

நம்மைப் போல் வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அந்த நேரம்தான் கண்டம். நீங்கள் வேலை பார்த்த கம்பெனியின் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. ஐந்நூறு பேர் வேலை பார்த்த இடமா, ஒரு அறையில் நான்கு பேர் உட்கார்ந்த இடமா என்பதுகூடத் தெரியாது. இங்கேயே இருப்பவரைப் பற்றி விசாரிக்க ஒரு போன் போதும், யாராவது தெரிந்தவர் இருப்பார். உங்களைப் பற்றி யாரைக் கேட்பார்கள்? உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்த ஒருவர் எழுதி வைத்த நான்கு வரி இருந்தால் அதைப் பார்ப்பார்கள். இல்லையென்றால் அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள்.

நான் வந்த புதிதில் செய்த கூத்தைச் சொல்கிறேன். லிங்க்ட்இனில் ரெக்கமண்டேஷன் கேட்கும் பொத்தானை அழுத்தினால் ஒரு ஆயத்த வாசகம் தானாகவே வரும். அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் இருபது பேருக்கு மேல் அனுப்பினேன். பதில் வந்தது மூன்று பேரிடமிருந்து. மூன்று பேரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பதில்: "எனக்கு நேரமில்லை, நீயே எழுதி அனுப்பு, போட்டுவிடுகிறேன்." சந்தோஷமாக உட்கார்ந்து ஒரே ராத்திரியில் மூன்றையும் எழுதினேன். அவர்களும் அப்படியே போட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நேர்காணல். எதிரில் இருந்த அம்மா என் ப்ரொஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, "உங்கள் மூன்று மேனேஜர்களும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. திரையை என் பக்கம் திருப்பினார். மூன்றிலும் "சொன்ன தேதிக்கு முன்னாலேயே" என்ற அதே தொடர், அதே இடத்தில், அதே ஆச்சரியக்குறியோடு. அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் கிடைக்கவில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் வீட்டுக்கு வந்ததும் மூன்றையும் மறைத்தேன்.

ஆகவே, "நீயே எழுதித் தா" என்று யாராவது சொன்னால் முழு வாசகம் எழுதிக் கொடுக்காதீர்கள். உங்களோடு அவர் பார்த்த வேலையில் நடந்தவற்றை மூன்று வரிக் குறிப்பாக அனுப்புங்கள். வாக்கியமாக்குவதை அவரிடமே விடுங்கள். அவர் கை பட்டால்தான் அது அவருடைய குரலாகத் தெரியும்.

கேட்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "எனக்கு ஒரு ரெக்கமண்டேஷன் எழுதித் தர முடியுமா சார்" என்றால், நல்ல மனிதர்கூட என்ன எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போடுவார், இல்லையென்றால் "கடும் உழைப்பாளி, நேர்மையானவர், எல்லோரிடமும் இனிமையாகப் பழகுவார், மேன்மேலும் வளர வாழ்த்துகிறேன்" என்று முடித்துவிடுவார். கல்யாணப் பெண்ணுக்கு வரன் தேடும்போது சொல்வது போல இருக்கும். உங்களுக்கு என்ன தெரியும் என்று அதில் ஒரு வார்த்தை இருக்காது.

இந்த "உழைப்பாளி" விஷயத்தை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பிரான்சிஸ் டிரிக்ஸ், கரோலின் சென்கா என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் பணிக்கு வந்த 312 பரிந்துரைக் கடிதங்களைப் படித்துப் பார்த்து 2003-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெண்களுக்கான கடிதங்களில் "கடுமையாக உழைப்பவர், பொறுப்பானவர், நம்பகமானவர்" போன்ற சொற்கள் கூடுதலாக இருந்தன. ஆண்களுக்கான கடிதங்களில் அவர்கள் செய்த ஆராய்ச்சியைப் பற்றிய பேச்சு கூடுதலாக இருந்தது. எழுதியவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. ஆனால் படிப்பவர் காதில் "பாவம், நன்றாக உழைக்கிறார்" என்றுதான் விழும். இது பெண்களுக்கு மட்டும் நடப்பதில்லை என்பது என் அனுபவம். புதிதாக வந்தவர்களின் ப்ரொஃபைல்களில் இந்த உழைப்புப் புராணத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். உழைக்காதவரை யார் வேலைக்கு வைத்திருப்பார்கள்? அது ஒரு தகவலே இல்லை.

இந்த அறிவு வந்த பிறகு, என் பழைய ஃபைனான்ஸ் மேனேஜருக்கு நான் எழுதியது ஏறக்குறைய இப்படி: "சார், நலமா? நான் இங்கே வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். நம் மாதக் கணக்கு முடிக்க ஒன்பது நாள் ஆகிக்கொண்டிருந்ததை நான் வந்த பிறகு ஐந்து நாளாகக் குறைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். வெண்டர் ஒருவருக்கு ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போயிருந்ததை, பேங்க் ரீகன்சிலியேஷனில் நம் கணக்கையும் பேங்க் கணக்கையும் ஒத்துப் பார்க்கும்போது பிடித்தோமே, அன்று நீங்கள் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தீர்கள். இந்த இரண்டில் ஒன்றைப் பற்றி நான்கைந்து வரி எழுத முடியுமா? கம்பெனி விதிப்படி முடியாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள், நான் தப்பாக நினைக்கமாட்டேன்."

இரண்டு நாளில் எழுதிவிட்டார். அவர் எழுதியதில் நான் நினைத்தே பார்க்காத ஒன்றும் இருந்தது: அந்த டபுள் பேமெண்ட்டை நான் பிடித்த பிறகு, யார் மேல் தப்பு என்று தேடாமல், அந்தத் தப்பு மறுபடி நடக்காதபடி அனுமதி முறையை மாற்றச் சொன்னேன் என்று எழுதியிருந்தார். எனக்கு அது மறந்தே போயிருந்தது. அடுத்த நேர்காணலில் அதைப் பற்றி மட்டும் பதினைந்து நிமிடம் பேசினோம்.

விதியைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பல பெரிய கம்பெனிகளில், வேலையை விட்டுப்போனவரைப் பற்றி யாராவது கேட்டால் சேர்ந்த தேதி, விட்ட தேதி, பதவி இதற்கு மேல் வாய் திறக்கக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் மேனேஜர்கள் லிங்க்ட்இனில் எழுதுவதற்கும் தடை. மறுத்தால் உங்கள் மேல் கோபம் என்று அர்த்தமில்லை. நீங்கள் எந்த நாடு என்று சொல்லவில்லை. ஜெர்மனி என்றால் கதையே வேறு. அங்கே வேலையை விடுபவருக்கு எழுத்துப்பூர்வமான சான்று தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதன் மொழி தனி வித்தை: "திருப்தியாகச் செய்தார்" என்று மட்டும் போட்டிருந்தால் சுமார் ரகம் என்று பொருள், "எப்போதும் முழுமுழுத் திருப்தியாக" என்றால்தான் முதல் மார்க்.

நண்பர்களோடு மாற்றி மாற்றி எழுதிக்கொள்ளும் யோசனையை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு ரெக்கமண்டேஷனோடும் தேதியும், எழுதியவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்பதும் தெரியும். நீங்கள் மற்றவருக்கு எழுதியதும் உங்கள் ப்ரொஃபைலிலேயே பக்கத்துப் பிரிவில் தெரியும். ஒரே நாளில் கொடுத்ததும் வாங்கியதும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். உண்மையாகவே ஒரே டீமில் இருந்தவர் என்றால் எழுதுவதில் தவறில்லை. ஆனால் நீங்கள் முதலில் எழுதுங்கள், பதிலுக்குக் கேட்காதீர்கள். சில மாதத்தில் அவராகவே எழுதினால் எழுதட்டும்.

இவருக்கு இந்தத் திறமை உண்டு என்று மற்றவர்கள் பொத்தானை அழுத்திச் சொல்லும், 2012-ல் வந்த என்டார்ஸ்மென்டை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ஒரு க்ளிக். எனக்கு எக்ஸெல் தெரியும் என்று சான்று தந்தவர்களில் பாதிப் பேர் நான் எக்ஸெல் திறந்ததைப் பார்த்தவர்களே இல்லை.

செய்முறையில் சில சிக்கல்கள். முதல் நிலைத் தொடர்பில், அதாவது லிங்க்ட்இனில் உங்களோடு நேரடியாக இணைந்து இருப்பவரிடம் மட்டும்தான் கேட்க முடியும். ஆகவே பழைய மேனேஜரை முதலில் கனெக்ட் செய்துகொள்ள வேண்டும். ரெக்கமண்டேஷன் கேட்கும்போது, அவரோடு வேலை பார்த்த காலத்தில் நீங்கள் என்ன பதவியில் இருந்தீர்கள் என்று லிங்க்ட்இன் கேட்கும், அந்த வேலையை ப்ரொஃபைலில் சேர்க்காவிட்டால் அது பட்டியலில் வராது. அவர் எழுதி அனுப்பியதும் உடனே யாருக்கும் தெரியாது, நீங்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் தெரியும். நீங்களே அதில் கை வைக்க முடியாது. திருத்தித் தரச் சொல்லி அவருக்கே திருப்பி அனுப்பலாம், அல்லது மறைத்து வைக்கலாம். இன்னொன்று: புது நாடு, புது வாழ்க்கை என்று பழைய கணக்கை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்காதீர்கள். என் தோழி ஒருத்தி அப்படிச் செய்து, சேர்த்து வைத்த அத்தனை ரெக்கமண்டேஷனும் கணக்கோடு சேர்ந்து போனது.

எத்தனை வேண்டும் என்றால், என் கணக்கில் மூன்று போதும். உங்களுக்கு மேலே இருந்தவர் ஒருவர், பக்கத்து இருக்கைக்காரர் ஒருவர், வேறு பிரிவிலிருந்தோ வெளியிலிருந்தோ உங்களோடு வேலை பார்த்தவர் ஒருவர். உங்களுக்கு ஆடிட்டர் ஒருவர் எழுதினால் அதற்கு மேல் வேண்டியதில்லை. கணக்கில் குற்றம் கண்டுபிடிப்பதே தொழிலாக உள்ளவர் அல்லவா.

கூச்சத்தைப் பற்றி: பழைய மேனேஜர் உங்களை மறக்கும் முன்னால் கேட்டுவிடுங்கள். நான்கு மாதம் ஒன்றும் தாமதமில்லை, நான்கு வருடம் கழித்துக் கேட்டால் அவருக்கு உங்கள் முகம்தான் நினைவிருக்கும், வேலை நினைவிருக்காது. அவருடைய ஆங்கிலம் சரியாக இருக்காதே என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தொகையோ தேதியோ பதவியோ தப்பாக இருந்தால் மட்டும் திருத்தச் சொல்லுங்கள், இலக்கணத்தை விட்டுவிடுங்கள். அந்த டபுள் பேமெண்ட் ரெக்கமண்டேஷனில் என் பெயரே ஒரு எழுத்துப் பிழையோடு இருக்கிறது. இத்தனை வருடமாக அப்படியேதான் கிடக்கிறது.